அருவருப்பு அறமாகுமா?

குருதியைக் கண்டால் குமட்டுகிறது. ஆகவே அது தீது. இப்படியொரு தீர்ப்பு எங்கும் எளிதாகக் கிடைக்கிறது. குமட்டல் உடலின் செய்கை. தீர்ப்பு அறிவின் செய்கை. முன்னதைக் கொண்டு பின்னதை முடிப்பது முறையா? பிறர் தொட்ட நீரைக் கண்டு குமட்டியவர்கள் இருந்தனர். கைம்பெண் பூச்சூடக் கண்டு முகம் சுளித்தவர்கள் இருந்தனர். அவர்களுடைய அருவருப்பும் பொய்யன்று. உண்மையாகவே உடல் கூசினர். அந்தக் கூச்சத்தையே அறமென்றும் நம்பினர். ஆதலால், பகுத்தறிவை வழித்துணையாகக் கொண்ட நாம், ஒன்றை வெறுக்கும்போதும் ‘ஏன் வெறுக்கிறோம்?’ என்று கேட்டாக வேண்டியவர்கள்.

அமெரிக்காவில் ஒரு திரைப்படம் பெற்ற வரவேற்பை வைத்து இதனை ஆராய்வோம்.

1980-ஆம் ஆண்டு மே திங்களில் ‘பிரைடே தி தர்ட்டீன்த்’ என்றொரு திகில் படம் அங்கே வெளிவந்தது. ‘13-ஆம் நாள் வெள்ளிக்கிழமை’ என்பது பெயரின் பொருள். அந்த எண்ணும் அந்தக் கிழமையும் கூடினால் கேடு வரும் என்பது மேல்நாட்டாரின் மூடநம்பிக்கை. அதையே முதலாக்கி வாணிகம் நடத்தினர். கோடை முகாம் ஒன்றில் பணிபுரிய வந்த இளைஞரும் இளம்பெண்களும் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்படுவதே கதை. ஏறத்தாழ 5,50,000 டாலரில் எடுத்த படம், அந்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 4 கோடி டாலர் ஈட்டியது. பணம் சுரந்த கிணற்றைத் தூர்ப்பார் உண்டோ? மறு ஆண்டே, 1981-இல், ஸ்டீவ் மைனர் இயக்கத்தில் இரண்டாம் பாகம் வந்தது.

திறனாய்வாளர்கள் சீறினர். சிகாகோ நகரின் ஜீன் சிஸ்கல், முதல் படத்தின்போதே போர் முரசு கொட்டியவர். கொலையாளி யார் என்பதைத் தம் மதிப்புரையிலேயே வெளியிட்டார். பார்க்கும் ஆவல் அற்றுப் போகட்டும் என்பது அவர் எண்ணம். பாரமவுண்ட் நிறுவனத்தின் உரிமையாளரான கல்ப் அண்டு வெஸ்டர்ன் குழுமத்தின் தலைவருக்கும், கொலையாளியாக நடித்த பெட்சி பால்மருக்கும் கண்டனக் கடிதம் எழுதுமாறு வாசகரைத் தூண்டினார். தொலைக்காட்சியில் அவரோடு இணைந்து படங்களை மதிப்பிட்ட ராஜர் ஈபர்ட், இரண்டாம் பாகத்துக்கு 4 விண்மீனில் அரை விண்மீனே அளித்தார். தம் சொந்த ஊர்க் கொட்டகையில், மாணவர்களின் நடுவே அமர்ந்து பார்த்தவர் அவர். தம் இளமையில் அதே கொட்டகையில் கழித்த வெள்ளிக்கிழமை இரவுகளை நினைவுகூர்ந்தார். இவ்வரிசையில் எந்தப் படத்துக்கும் இந்த ஒரு மதிப்புரையே போதும் என்று எழுதி முடித்தார்.

பலன்? இரண்டாம் பாகமும் 2 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. 2009-க்குள் இவ்வரிசை 12 படங்களாக வளர்ந்தது. வசைமாரி பொழியப் பொழியப் பயிர் செழித்தது!

அவர்கள் கூறியதனைத்தும் வெறும் வசை என்று நாம் தள்ளவில்லை. 1980-இல் சிஸ்கலும் ஈபர்ட்டும் தம் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றை முழுவதும் இவ்வகைப் படங்களுக்கென ஒதுக்கினர். படப்பெட்டி கொலைகாரனின் கண்ணாக நின்று பெண்ணைத் துரத்துகிறது. பார்ப்பவனும் துரத்துபவனாகவே ஆக்கப்படுகிறான். பெண்கள் உரிமை கேட்டு எழுந்த காலத்தில், அந்த எழுச்சிக்கு எதிராகக் கிளம்பிய சினமே இது என்றனர். 1978-இல் வந்த ‘ஹாலோவீன்’ படமும் கொலைப்படமே. அதனை இருவரும் பாராட்டினர். அங்கே அவர்கள் குருதியை அளக்கவில்லை. எவர் பக்கம் நம்மை நிறுத்துகிறார்கள் என்பதைக் கண்டனர். அது சிந்தனை, அதற்கு நம் வணக்கம்.

ஆனால், ஒரு நடிகையைக் கடிதங்களால் தாக்கச் சொல்வது சிந்தனையா? அது சாதிவிலக்குச் செய்யும் ஊர்க்கூட்டத்தின் வேலை. ஒரே மதிப்புரை எல்லாப் படத்துக்கும் போதும் என்பது விசாரணையா? வழக்கு வருமுன்பே எழுதி வைத்த தண்டனை அது.

தரச்சான்று வழங்கும் குழுவினரோ, இரண்டாம் பாகத்தில் ஏறத்தாழ 48 வினாடிகளை வெட்டச் செய்தனர். கட்டிலில் கிடந்த காதலர் இருவரையும் ஒரே ஈட்டி துளைக்கும் காட்சி குறைந்தது. குருதி குறைந்தது, கருத்து குறைந்ததா? காதலித்தவர் செத்தனர் என்ற செய்தி அப்படியே நின்றது. அதனை வெட்டக் கத்தரி இல்லை. ஏனெனில், அதில் குற்றம் இருப்பதாக எவருக்கும் தோன்றவில்லை!

இங்கேதான் நாம் நிற்கிறோம், தோழர்களே! கதையின் அடிப்படை என்ன? முன்னொரு காலம் அந்த முகாமில் ஜேசன் என்ற சிறுவன் நீரில் மூழ்கினான். அவனைக் கவனிக்க வேண்டிய இளைஞர்கள் காதலில் மூழ்கியிருந்தனராம். அதற்காகத் தாய் கொல்கிறாள். தாய் மாண்டபின், இறந்ததாகக் கருதப்பட்ட மகன் வந்து கொல்கிறான். யாரை? அந்தப் பழைய பிழையோடு எவ்வகைத் தொடர்பும் இல்லாத புதிய இளைஞர்களை! எவரோ செய்த பாவம், எவர் தலையிலோ விடிகிறது. ஆதிமனிதன் உண்ட கனிக்கு அனைவரும் குற்றவாளிகள் என்பதும், முற்பிறவி வினைக்கு இப்பிறவியில் வதைபடு என்பதும் வேறு எதைச் சொல்கின்றன? சக்கர நாற்காலியில் அமர்ந்த இளைஞன் ஒருவனும் இரண்டாம் பாகத்தில் வெட்டுண்டு சாகிறான். அவன் செய்த குற்றம், ஒரு பெண்ணின் அன்பை எதிர்பார்த்துக் காத்திருந்தது.

1741-ஆம் ஆண்டில், இன்றைய கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த என்பீல்டு ஊரில், ஜோனதன் எட்வர்ட்ஸ் என்ற பாதிரியார் புகழ்பெற்ற சொற்பொழிவு ஒன்றை நிகழ்த்தினார். நெருப்பின்மேல் தொங்கும் சிலந்தியைப்போல மனிதன் நரகத்தின்மேல் தொங்குகிறான் என்று அவர் உரைக்க, கேட்டோர் அலறினர். இரண்டாம் பாகம் படமாக்கப்பட்டதும் அதே கனெக்டிகட்டில்தான். பாதிரியார் தீயைக் காட்டினார். படக்காரர் ஈட்டியைக் காட்டினார். இளமைக்கும் இன்பத்துக்கும் விலை வதை என்பதே இரண்டின் சாரம். முன்னது கோயிலில் நடந்ததால் அறவுரை. பின்னது கொட்டகையில் நடந்ததால் ஆபாசம்! கருட புராணத்து எண்ணெய்க் கொப்பரையைப் பத்தியோடு கேட்பவர், திரையில் ஓடும் குருதிக்கு முகம் சுளிப்பது எந்த நீதி?

படம் பார்த்தவன் கத்தி எடுப்பான் என்று நாம் கூறவில்லை. சான்றின்றிக் கூறுவது பகுத்தறிவாகாது. நாம் அஞ்சுவது வேறொன்றுக்கு. ‘அவள் அப்படி நடந்தாள், அதனால் செத்தாள்’ என்று இருட்டில் தலையசைத்துப் பழகிய மனம், வெளிச்சத்துக்கு வந்தபின் என்ன கேட்கும்? உண்மையில் ஒரு பெண் சிதைக்கப்பட்டாள் என்று செய்தி வந்தால், ‘அந்நேரத்தில் அவள் அங்கே ஏன் போனாள்?’ என்றுதானே கேட்கும்? இந்தக் கேள்வியில் ஒரு துளிக் குருதியும் இல்லை. ஆனால், கொலைகாரனின் ஈட்டியைக் காட்டிலும் கொடிது இது.

அப்படத்திலேயே மற்றொன்றும் உண்டு. அரை விண்மீன் கொடுத்தவர்கள் அதற்கு உரிய இடம் தரவில்லை. உயிர் தப்பும் ஜின்னி என்பவள், குழந்தை உளவியல் பயிலும் மாணவி. அவளுக்கும் காதலன் உண்டு. அவளும் மதுக்கடைக்குச் சென்றவள். பலரும் ஜேசனைப் பேயென்று பேசியபோது, தாயை இழந்த பிள்ளையின் மனம் எப்படியிருக்கும் என்று ஆராய்ந்தவள் அவள். கொலைகாரனின் குடிசையில், வெட்டுண்ட தாயின் தலையை வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, அவன் வழிபாடு நடத்துவதைக் காண்கிறாள். தாயின் கம்பளிச் சட்டையை அணிந்து, தாயாகவே பேசுகிறாள். ஓங்கிய கை தாழ்கிறது. சிலநேரமே ஆயினும், அவளுக்கு உயிர் தந்தது எது? கற்பொழுக்கமா? வேண்டுதலா? பகைவனின் மனத்தைப் புரிந்துகொண்ட அறிவு! பழைய சட்டத்தைப் பறைசாற்றிய படமே, தன்னையறியாமல் அச்சட்டத்தைப் பொய்யாக்கிவிட்டது.

இதனால் படம் உயர்ந்ததாகிவிடாது. பணத்துக்காக விற்ற வதைக்காட்சி, வதைக்காட்சியே. ஆயினும், கண்டிக்க வருபவன் கண்ணை மூடிக்கொண்டு வரலாகாது. இளைஞர்களே! ஒரு படமோ நூலோ நம்மைக் கூசச் செய்தால், அந்தக் கூச்சத்தோடு நின்றுவிட வேண்டாம். செத்தவர் யார், எக்குற்றத்துக்காகச் செத்தார், அதற்கு நம்மைத் தலையசைக்கச் சொல்பவர் யார் என்று கேளுங்கள். அவ்வாறு கேட்டால், குருதி தெறிக்கும் படங்களில் சில மன்னிக்கப்படலாம். குருதியே தெறிக்காத புனிதக் கதைகள் பல கூண்டில் ஏற வேண்டிவரும்.