ஊரை விட்டுப் போவது பாவமா?



போன மாதம் ஜெபக்கூட்டம் முடிந்த பிறகு ஒரு தம்பி தயங்கித் தயங்கி வந்து நின்றார். ஒரத்தநாடு பக்கத்து ஊர்க்காரர். "ஐயா, ஓசூர்ல கம்பெனி வேலை கிடைச்சிருக்கு. பிள்ளைங்களுக்கு நல்ல ஸ்கூல் இருக்கு. பெங்களூர்ல நினைச்சுப் பார்க்க முடியாத வீட்டை அங்கே கடனைப் போட்டாவது வாங்கிடலாம். ஊரே மேட்டுல இருக்கு, வெயிலும் இப்படிக் கொளுத்தாது. ஆனா அப்பா அம்மா வரமாட்டேங்கிறாங்க. நாங்க மட்டும் போறது பாவமாங்கய்யா?" என்று கேட்டார்.

உடனே பதில் சொல்ல எனக்கு நாவு எழும்பவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு குடும்பம் போனால் சபையில் ஒரு பாய் காலியாகும். ஆகவே "போகாதே தம்பி" என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் என் ஆசையை ஆண்டவருடைய சித்தம் என்று சொல்லிவிட்டால், பாவம் அந்தத் தம்பியுடையதல்ல, என்னுடையது.

வேதத்தில் லோத்தும் புறப்பட்டான், ஆபிரகாமும் புறப்பட்டான். லோத்து நல்ல தண்ணீர் பாயும் சமபூமியைக் கண்ணால் பார்த்தான். அங்கே குடியிருக்கும் ஜனங்கள் எப்படிப்பட்டவர்கள் என்று விசாரிக்கவில்லை. போனது குற்றமல்ல, பாதியை மட்டும் பார்த்துவிட்டுப் போனதுதான் குற்றம். எலிமெலேக்கு பஞ்சத்தினிமித்தம் பெத்லகேமை விட்டுப் போனான். பெத்லகேம் என்றால் அப்பத்தின் வீடு. அப்பத்தின் வீட்டிலேயே பஞ்சம் வந்தது!

நம்முடைய நெற்களஞ்சியத்துக்கும் அது வரவில்லையா? 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம், வழக்கமான ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்கவில்லை. குறுவை போயிற்று. 2016-ல் மழையும் பொய்த்தது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்து, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் பிள்ளையைப்போல் வளர்த்த தென்னைகளை ஒரே ராத்திரியில் சாய்த்துப் போட்டது. இவ்வளவையும் பார்த்தவனிடம் "மண்ணை விடாதே" என்று சொல்ல, மண்ணில் கால் படாத நமக்கு வாய் வரலாமா?

இன்னொன்றும் உண்டு. "சொந்த ஊர் தாய் மாதிரி" என்கிறோம். எல்லாருக்கும் அப்படியா? 1968 டிசம்பர் 25-ல், கூலி உயர்வு கேட்ட போராட்டத்தில், கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள். நாம் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிற அதே நாளில்! சொந்தமாய் ஒரு குழி நிலம்கூட இல்லாமல், சேரியில் பிறந்து, கூலிக்குக் கைநீட்டி நின்றவனுக்கு, திருப்பூர் பஸ் ஏறியது துரோகமல்ல. அது அவனுக்கு விடுதலை.

அப்படியானால் கேள்வி முடிந்துவிட்டதா? இல்லை. ஓசூருக்குப் போகிற தம்பிக்கு நிலமும் உண்டு, வீடும் உண்டு. அவர் பசிக்காகப் போகவில்லை, நன்மையிலிருந்து இன்னும் அதிக நன்மைக்குப் போகிறார். அது தப்பில்லை. ஆனால் அந்த நன்மைக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று அவர் பார்த்தாக வேண்டும்.

முதலாவது, பிள்ளைகள். "பிள்ளைக்காகத்தான் போறோம்" என்று எல்லாரும் சொல்கிறோம். பக்கத்து வீட்டுக்காரன் போய்விட்டான் என்பதற்காகவும் போகிறோமே! 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து நீட் தேர்வில் தேறுகிறவர்களுக்கு, மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. நடுவில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் அந்தச் சலுகை போய்விடும். பள்ளியின் கட்டடத்தைப் பார்த்து மயங்காமல், இதையும் கணக்கில் வையுங்கள்.

இரண்டாவது, குத்தகைக்காரர். வயலை விற்பதாயிருந்தால் சாகுபடி தொடங்கும் முன்னே அவரிடம் சொல்லிவிடுங்கள். நாற்று நட்ட பிறகு சொன்னால் அது வயிற்றில் அடிப்பதாகும்.

மூன்றாவது, பெற்றோர். மாதாமாதம் பணம் அனுப்பினால் தீர்ந்ததா? ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவுக்கு மூச்சு முட்டினால் யார் தூக்கிக்கொண்டு ஓடுவது? பக்கத்து வீட்டுப் பையனா, கட்டிக்கொடுத்த தங்கையா? அந்த ஆளின் பெயரை இப்போதே சொல்லுங்கள். அவரிடம் நேரில் போய்க் கேளுங்கள். கேட்காமலே அவர்மேல் பாரத்தை வைத்துவிட்டுப் போவதைத்தான் நான் பாவம் என்பேன்.

காவேரித் தண்ணீர் தமிழ்நாட்டுக்குள் வருவதை அளக்கிற பிலிகுண்டுலு, ஓசூர் இருக்கிற அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் இருக்கிறது. மேலே தண்ணீர் நின்றுவிட்டால் கடைமடை காய்ந்துபோகும் என்பதை டெல்டாக்காரனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அந்தத் தம்பியை மறுபடி பார்த்தபோது இதைத்தான் சொன்னேன்: "தம்பி, போய்ட்டு வாங்க. மேல்மடைக்குப் போறீங்க. கடைமடையில ரெண்டு பேர் காத்துக்கிட்டு இருக்காங்கன்னு மட்டும் மறந்துடாதீங்க."

அவர் கண் கலங்கிற்று. "அம்மாகிட்ட இன்னும் உட்கார்ந்து பேசலைங்கய்யா" என்றார்.

பிரியமானவர்களே, உங்களில் எத்தனை பேர் இன்னும் பேசவில்லை?