ஒற்றைச் சுரத்தின் ஒருமை

மேலைநாட்டு இசையிலக்கணத்தைக் கற்பிக்கும் நூல்கள் பெரும்பாலும் தனிச் சுரத்திலிருந்தே தொடங்குகின்றன. ஒரு சுரத்துக்குச் சுருதி, கால அளவு, வலிமை, தொனிநிறம் என நான்கு பண்புகள் உண்டு என்றும், சுரங்கள் அடுத்தடுத்து வந்தால் மெட்டும், ஒருங்கே ஒலித்தால் கார்டு எனப்படும் சுரக்கொத்தும் பிறக்கின்றன என்றும் அவை விளக்குகின்றன. இந்த வரிசைமுறைக்குள் வெளிப்படையாகச் சொல்லப்படாத ஒரு தத்துவக் கொள்கை அடங்கியிருக்கிறது: முழுமை எதுவாயினும் அது பகுக்க முடியாத எளிய கூறுகளால் ஆனது, அக்கூறுகள் முழுமைக்கு முன்பே தம்மளவில் நிலைபெற்றவை என்பதே அது. தத்துவவாதி லைப்னிட்ஸ் 1714இல் எழுதிய 'மோனடாலஜி', கூட்டுப்பொருள்கள் இருப்பதாலேயே பகுபடாத தனிப்பொருள்களும் இருந்தாக வேண்டும் என்று வாதிடுகிறது. இசையில் அத்தகைய தனிப்பொருள் உண்டா, உண்டெனில் அது சுரம்தானா என்ற கேள்வி, இசைக்கோட்பாட்டின் எல்லையைக் கடந்து, 'ஒன்று' என்பதன் பொருளையே விசாரிக்கும் கேள்வியாகிறது.

சுரத்தின் இயல்பை எண்ணில் தேடிய மரபு பித்தகோரஸின் பெயரால் வழங்குகிறது. ஒரே தன்மையும் ஒரே இழுவிசையும் கொண்ட இரு நரம்புகளில் ஒன்றின் நீளம் மற்றதன் பாதியாக இருந்தால் அவை ஆக்டேவ் எனப்படும் எட்டாம் சுர உறவில் ஒலிக்கும். நீளங்கள் 3:2 என்ற விகிதத்தில் அமைந்தால் ஐந்தாம் சுர உறவும், 4:3 என்ற விகிதத்தில் அமைந்தால் நான்காம் சுர உறவும் தோன்றும். இந்தக் கண்டுபிடிப்பே, உலகம் எண்ணால் ஆனது என்ற பெருங்கொள்கைக்கு முதன்மையான சான்றாக நின்றது. ஆயினும் விகிதம் என்பதற்கு இரண்டு உறுப்புகள் தேவை. தனித்து நிற்கும் ஒரு சுரத்துக்கு இந்த மரபில் எண்ணே கிடையாது. மேலும், 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் வின்சென்சோ கலிலெய் காட்டியபடி, நரம்பின் நீளத்தை விட்டு அதன் இழுவிசையை அளந்தால் அதே ஆக்டேவ் 2:1 ஆக அமையாமல் 4:1 ஆக அமைகிறது. எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து எண்ணே மாறுமென்றால், சுரத்தின் சாரம் அந்த எண்ணில் உறைகிறது என்று சொல்வது கடினம்.

இந்தச் சிக்கலுக்கு 17ஆம் நூற்றாண்டு கண்ட விடை அதிர்வெண், அதாவது ஒரு பொருள் ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கிறது என்ற எண்ணிக்கை. இப்போது ஹெர்ட்ஸ் என்ற அலகால் குறிக்கப்படும் இந்த அளவு, துணைக்கு வேறொரு சுரத்தை வேண்டாமல் தனிச் சுரத்துக்கே ஓர் எண்ணைத் தந்தது. ஆனால் அந்த எண்ணைத் தந்த ஆய்வே அதன் ஒருமையையும் குலைத்தது. பாரிஸில் வாழ்ந்த துறவியான மரேன் மெர்சென், 1636இல் வெளிவரத் தொடங்கிய தம் பெருநூலில் நரம்பதிர்வின் விதிகளை வகுத்தார். அதே நூலில், மீட்டப்பட்ட ஒற்றை நரம்பிலிருந்து பல ஒலிகள் ஒருங்கே எழுவதைத் தம் காதால் கேட்டதாகவும் பதிவு செய்தார். ஒரே நரம்பு ஒரே நேரத்தில் பல வேகங்களில் எப்படி அதிர முடியும் என்பதற்கு அவரால் நிறைவான விளக்கம் தர இயலவில்லை. 1701இல் ஜோசப் சோவர், நரம்பு முழுதாக அதிரும்போதே இரண்டாகவும் மூன்றாகவும் நான்காகவும் பிரிந்தும் அதிர்கிறது என்று பாரிஸ் அறிவியல் கழகத்தில் விளக்கி, அந்த உள்ளொலிகளுக்கு ஹார்மோனிக் ஒலிகள் என்று பெயரிட்டார்.

110 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் கிட்டாரின் ஏ நரம்பை மீட்டினால், 220, 330, 440, 550, 660, 770 என்று அதன் முழு எண் மடங்குகளும் உடன் ஒலிக்கின்றன. தம்புராவின் நாதத்துக்குள், எந்த நரம்பிலும் தனியே மீட்டப்படாத அந்தர காந்தாரம் கேட்பதைக் கர்நாடக இசை மரபினர் சுயம்பு சுரம் என்று அறிந்திருப்பதும் இதே நிகழ்வின் காரணமாகத்தான். இந்த மேற்சுரங்களின் வலிமை கருவிக்குக் கருவி வேறுபடுவது, வயலினின் ஏ சுரமும் புல்லாங்குழலின் ஏ சுரமும் ஒரே சுருதியில் இருந்தும் வேறாகக் கேட்பதற்கு முக்கியமான காரணம் என்பதை அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவினார். இவ்வாறு, பாடநூல் ஒரே பொருளின் பண்பாகக் கூறும் தொனிநிறம், பல ஒலிகளின் கூட்டுறவாக வெளிப்படுகிறது.

ஒன்றுக்குள் பல இருப்பதைக் கண்டவர்களில், அதையே ஒரு மெய்ப்பொருளியலாக உயர்த்த முயன்றவர் பிரெஞ்சு இசையமைப்பாளரும் கோட்பாட்டாளருமான ழான்-பிலிப் ராமோ. இயற்கையில் அதிரும் எந்தப் பொருளும் தன் அடிப்படைச் சுரத்தோடு மூன்றாம், ஐந்தாம் மடங்குகளான மேற்சுரங்களையும் ஒலிக்கிறது என்று அவர் கொண்டார். அம்மூன்றையும் ஒரே ஆக்டேவுக்குள் கொணர்ந்தால் மேலை இசையின் ஆதாரமான மேஜர் கார்டு கிடைக்கிறது. ஆகவே இசை முழுவதும் ஒற்றைச் சுரத்திலேயே வித்தாக உறைந்திருக்கிறது என்பது அவர் வாதம். தம் இறுதிக் காலத்தில் அவர் இந்த ஒலிக்கும் பொருளையே எல்லா அறிவியல்களுக்கும் மூலமாகக் கருதத் தலைப்பட்டார். ஆனால் வித்துக்கும் விளைவுக்கும் இடையே அவர் கண்ட தொடர்பு இரண்டு இடங்களில் அறுபடுகிறது. மேஜர் கார்டுக்கு நிகரான இடத்தை மேலை இசையில் பெற்றுள்ள மைனர் கார்டு, ஒரு சுரத்தின் மேற்சுரங்களிலிருந்து அவர் காட்டிய அதே நேர்வழியில் பிறப்பதில்லை. மறுபுறம், எல்லாச் சுரத்திலும் இயல்பாகவே எழக்கூடிய ஏழாம் மடங்கான மேற்சுரத்துக்கு, அதாவது 110 ஹெர்ட்ஸ் நரம்பில் 770இல் ஒலிப்பதற்கு, மேலை இசையின் சுரவரிசையில் இடமே இல்லை. அதற்கு மிக அருகிலுள்ள ஜி சுரம் பியானோவில் ஏறத்தாழ 784 ஹெர்ட்ஸில் நிற்கிறது. இயற்கை தருவதில் ஒரு பகுதியை ஏற்று, ஒரு பகுதியை விலக்கி, அது தராததையும் சேர்த்துக்கொண்ட இசை, இயற்கையிலிருந்து தானாகவே வடிந்தது என்று கூற இயலாது.

சுரத்துக்குள் இத்தனை ஒலிகள் இருக்க, அது ஒன்றாகவே கேட்பது ஏன் என்பது அடுத்து எழும் வினா. அடிப்படை அதிர்வே சுருதியைத் தீர்மானிக்கிறது, மற்றவை அதற்கு வண்ணம் சேர்க்கின்றன என்ற விடை எளிதாகத் தோன்றினாலும், அது முழு உண்மையன்று. 1841இல் ஆகஸ்ட் சேபெக் சைரன் கருவியைக் கொண்டு செய்த சோதனைகள், அடிப்படை அதிர்வு மிக நலிந்திருக்கும்போதும் காது அதே சுருதியையே கேட்கிறது என்று காட்டின. பழைய தொலைபேசிக் கம்பிகள் ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள அதிர்வுகளைக் கடத்துவதில்லை. ஆண்குரலின் அடிப்படை அதிர்வோ பெரும்பாலும் 100க்கும் 150க்கும் இடைப்பட்டது. எனினும் மறுமுனையில் கேட்பவருக்கு அக்குரல் தன் இயல்பான தாழ்ந்த சுருதியிலேயே ஒலிக்கிறது. வந்து சேராத ஓர் அதிர்வின் சுருதியை, வந்து சேர்ந்தவற்றின் ஒழுங்கிலிருந்து செவியும் மூளையும் உருவாக்கிக்கொள்கின்றன. இசை என்பது ஆன்மா தான் எண்ணுவதை அறியாமலே செய்யும் கணக்கு என்று லைப்னிட்ஸ் 1712இல் ஒரு கடிதத்தில் குறிப்பிட்ட கருத்து, அவர் கருதியதைக் காட்டிலும் ஆழமாக இங்கே பொருந்துகிறது, ஏனெனில் அக்கணக்கு சுரங்களுக்கு இடையே நிகழ்வதற்கு முன்பே ஒற்றைச் சுரத்துக்குள் நிகழ்ந்துவிடுகிறது. ஆகவே சுரத்தின் ஒருமை காற்றில் கிடக்கும் பொருளன்று. கேட்கும் செயலில் எய்தப்படுவது.

அந்தச் செயலுக்குக் காலம் வேண்டும். 440 ஹெர்ட்ஸ் சுரத்தின் ஓர் அதிர்வுக்கே நொடியின் ஆயிரத்தில் 2 பங்குக்குச் சற்று மிகுதியான நேரம் ஆகிறது. அத்தகைய சில அதிர்வுகளோடு ஒலி நின்றுவிட்டால், சுருதியற்ற ஒரு சொடுக்கொலி மட்டுமே காதில் விழும். ஒலியின் கால அளவு எவ்வளவு சுருங்குகிறதோ அவ்வளவுக்கு அதன் அதிர்வெண் தெளிவிழக்கும் என்பதை 1940களில் டென்னிஸ் காபோர் கணித வடிவில் எழுதிக் காட்டினார். அதாவது, கணப்பொழுது என்ற நீளமற்ற புள்ளியில் எந்தச் சுரமும் இல்லை. இதன் தத்துவ விளைவை வெகு முன்பே உணர்ந்தவர் புனித அகஸ்டின். தம் 'அறிக்கைகள்' நூலின் 11ஆம் பகுதியில், கடந்தது இப்போது இல்லை, வருவது இன்னும் இல்லை, நிகழ்வதற்கோ நீளமே இல்லை என்றால், நீண்ட ஒலியையும் குறுகிய ஒலியையும் மனிதர் எவ்வாறு அளக்கின்றனர் என்று வினவி, அம்புரோஸ் இயற்றிய ஒரு துதிப்பாடலின் அசைகளைக் கொண்டே ஆராய்ந்து, அளக்கப்படுவது மறைந்துபோன ஒலியன்று, அது உள்ளத்தில் பதித்துச் சென்ற தடமே என்ற முடிவுக்கு அவர் வருகிறார். 1905இல் நிகழ்த்திய விரிவுரைகளில் தத்துவவாதி எட்மண்ட் ஹுஸ்ஸெர்ல் இதே பாதையில் மேலும் சென்று, ஒற்றைச் சுரம் நீடித்து ஒலிக்கும்போதே, இக்கணம் கேட்பதோடு, சற்றுமுன் கேட்டதைப் பிடித்து வைத்திருப்பதும் அடுத்து வரப்போவதை எதிர்நோக்குவதும் ஒரே விழிப்பில் இணைந்திருக்கின்றன என்று விளக்கினார்.

இனி, உள்ளொலிகளும் காலமும் கூடி ஒரு சுரம் அமைந்துவிட்டது என்றே கொண்டாலும், அது எந்தச் சுரம் என்ற வினா எஞ்சுகிறது. அரிஸ்டாட்டிலின் மாணவரான அரிஸ்டாக்ஸெனஸ், சுரத்தை அதன் அளவைக் கொண்டு மட்டும் அறிய முடியாது, சுரவரிசையில் அது ஆற்றும் பணியைக் கொண்டே அறிய வேண்டும் என்று பித்தகோரஸ் மரபினருக்கு எதிராக வாதிட்டார். ஏ சுரத்துக்கு 440 ஹெர்ட்ஸ் என்ற அளவை 1939இல் லண்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு பரிந்துரைத்தது. பிரான்ஸ் 1859இல் வகுத்த அளவோ 435. அளவு மாறியும் அது ஏ சுரமாகவே நீடித்தது. இதற்கு நேர்மாறாக, அளவு மாறாமலே சுரம் மாறுவதும் உண்டு. ஷோபானின் 28ஆம் தொகுப்பிலுள்ள 15ஆம் பிரெலூடில், தொடக்கம் முதல் விடாது ஒலிக்கும் ஏ ஃபிளாட் சுரம், இடைப்பகுதியில் ஜி ஷார்ப் சுரமாகிறது. பியானோவில் இரண்டுக்கும் ஒரே கருங்கட்டைதான். ஆனால் சூழ்ந்துள்ள இசை மேஜரிலிருந்து மைனருக்கு மாறியதும் அதே ஒலி வேறொரு கனத்தோடு வந்து விழுகிறது. ஆக்டேவைப் 12 சம பங்காக்கும் சமச்சுருதி முறை நிலைபெறுவதற்கு முன் இவ்விரண்டும் ஒலியிலும் வேறுபட்டிருந்தன. லண்டன் டெம்பிள் தேவாலயத்துக்கு பெர்னார்ட் ஸ்மித் 1680களில் அமைத்த ஆர்கனில் இவற்றுக்காகக் கட்டையையே இரண்டாகப் பிளந்து வைத்திருந்தனர். அதே காலத்தில் ஹென்றி பர்செல் இயற்றிய ஒற்றைச் சுர ஃபேன்டசியாவில், வயல் எனப்படும் ஐந்து நரம்பிசைக் கருவிகளுள் ஒன்று இறுதிவரை சி சுரத்தை மட்டுமே இழுத்துக்கொண்டிருக்க, மற்ற நான்கின் நகர்வால் அந்தச் சி சுரம் ஒரு கார்டில் அடித்தளமாகவும், இன்னொன்றில் மூன்றாம் உறுப்பாகவும், வேறொன்றில் ஐந்தாம் உறுப்பாகவும் மாறி மாறிப் பொருள் கொள்கிறது. எல்லாச் சுரங்களையும் ஒரே அளவில் உயர்த்திப் பாடினாலும் மெட்டு மாறாதிருப்பதைச் சுட்டி, முழுமை என்பது உறுப்புகளின் கூட்டுத்தொகைக்கு மேற்பட்டது என்று கிறிஸ்டியன் ஃபான் எஹ்ரென்ஃபெல்ஸ் 1890இல் வாதிட்டதும் இந்த உண்மையின் மறுபக்கமே.

சுரம் உறவால்தான் பொருள் பெறுகிறது என்பதற்கு ஒரு வலுவான மறுப்பு எழக்கூடும். இத்தாலிய இசையமைப்பாளர் ஜச்சிந்தோ ஷெல்சி 1959இல் 26 கலைஞர்களுக்காக இயற்றிய நான்கு துண்டுகளில் ஒவ்வொன்றும் ஒரே சுரத்தின் மீது அமைந்தது. ஆகவே வேறெதனோடும் உறவின்றி ஒரு சுரம் தன்னளவில் இசையாக முடியும் என்று அது காட்டவில்லையா? அந்தத் துண்டுகளை நிகழவைப்பது, சுரத்தின் தொனிநிறமும் வலிமையும் நுண்ணிய சுருதி விலகலும் இடையறாது மாறுவதே. உறவு அங்கே நீங்கவில்லை. சுரங்களுக்கு இடையிலிருந்து சுரத்துக்குள்ளேயே அது இடம் பெயர்ந்திருக்கிறது. 1951க்கும் 1953க்கும் இடையில் இசையமைப்பாளர் லிகெட்டி இயற்றிய 'மூசிகா ரிசெர்காட்டா' இதை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. அதன் முதல் பகுதி ஏறக்குறைய முழுவதும் ஏ சுரத்திலேயே சென்று, முடிவில் மட்டும் டி சுரத்தைத் தொடுகிறது. அந்த ஒரு தொடுகையால், அதுவரை நிலைக்களமாகத் தோன்றிய ஏ, டி சுரத்துக்கு இட்டுச்செல்லும் ஐந்தாம் சுரமாகப் பின்னோக்கிப் பொருள் மாறிவிடுகிறது. ஒரு சுரம் என்னவாக இருந்தது என்பதை அதன் பின் வருவதும் தீர்மானிக்கிறது என்றால், தனிச் சுரம் தன் இருப்பைத் தானே முழுமையாக உடையதன்று.

கிறிஸ்தவ இறையியலில், அப்படித் தன்னளவில் முழுமையான, பகுப்பற்ற எளிமை இறைவனுக்கு மட்டுமே உரியது என்று தாமஸ் அக்குவினாஸ் வகுத்தார். படைக்கப்பட்ட எதுவும் ஏதேனும் ஒரு வகையில் கூட்டாகவே நிற்கும். அகஸ்டினும், தமக்குத் தெரிந்த ஒரு பாட்டைப் பாடுபவர் பாடியதற்கும் பாட இருப்பதற்கும் இடையே நீட்சியுறுவது போன்ற அறிவு இறைவனுடையதன்று என்று எச்சரிக்கிறார். ராமோவின் பிழை, இந்த நோக்கில், அந்த முழு எளிமையைப் படைப்புக்குள் ஒலிக்கும் ஒரு பொருளிடம் தேடியதே. அதே பிழையைப் பாடநூல்களின் வரிசைமுறையும் சிறிய அளவில் செய்கிறது. கற்பிக்கும் வசதிக்காகச் சுரத்தை முதலில் வைப்பது முறையே. ஆயினும் இருப்பின் வரிசையில் முதலாவது இசைதான், சுரம் அதிலிருந்து பகுத்தெடுக்கப்பட்டது. பிளேட்டோவின் 'ஃபிலீபஸ்' உரையாடலில், ஒலி ஒன்று என்று அறிவதாலும் அது எண்ணிறந்தது என்று அறிவதாலும் எவரும் இசையறிந்தவராவதில்லை, இவ்விரண்டுக்கும் இடையில் எத்தனை இடைவெளிகள், அவை எத்தகையவை, அவற்றால் எந்த அமைப்புகள் உருவாகின்றன என்று அறிபவரே அவ்வாறாகிறார் என்று சாக்ரடீஸ் விளக்குகிறார். ஒற்றைச் சுரத்தைப் புரிந்துகொள்வதும் அவ்விடைப்பட்ட அறிவே: அதனுள் கூடும் ஒலிகள், அதை நீட்டி வைத்திருக்கும் நினைவு, அதற்கு இடமளிக்கும் அமைப்பு ஆகிய மூன்றையும் ஒருங்கே அறிவதற்கு முன், அதை ஒன்று என்று அழைப்பதற்கே அடிப்படை இல்லை.