சொல்வது கோள் ஆகாது

நாங்குநேரிச் செய்தியைத் தென்மாவட்டத்துச் சாதிப் பகை என்று சென்னைப் புறநகரான தாம்பரமும் குரோம்பேட்டையும் ஒதுக்கி வைத்துவிட்டன. 2023 ஆகஸ்ட் 9 இரவு, நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவர் ஒருவரைப் பள்ளித் தோழர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள்; தடுக்க வந்த தங்கையும் தப்பவில்லை. சாதி சொல்லி இழிவுபடுத்தியது தாங்காமல் பள்ளிக்குப் போகாமல் நின்றவர் அவர். ஏன் வரவில்லை என்று பள்ளியில் கேட்டார்கள். உள்ளதைச் சொன்னார். அதன் பின்தான் அரிவாள் வந்தது.

வாய் திறக்காமல் இருப்பதே பிள்ளைக்குப் பாதுகாப்போ என்று எந்தப் பெற்றோருக்கும் தோன்றும். இல்லை. சொல்லத்தான் வேண்டும், சொன்ன பிள்ளையைக் காக்கும் கடமை கேட்டவருடையது. அந்த மாணவர் மீண்டு வந்து, மறு ஆண்டு தேர்வில் 600க்கு 469 எடுத்தார்.

பொறுமையும் அறம்தான், சின்னக் கேலிக்கெல்லாம் புகார் எழுதிக்கொண்டிருந்தால் நட்பு நிலைக்காது. ஆனால் வள்ளுவர் பொறையுடைமையில் போற்றுவது, தண்டிக்க வல்லவன் தண்டிக்காமல் விடுவதை. பள்ளி வேனின் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும் பிள்ளையிடம் இருப்பது பொறுமையா? அது வெறும் அச்சம். புறங்கூறாமை அதிகாரத்தையும் இங்கே இழுக்க வேண்டாம். ஆசிரியர் முன் நின்று நடந்ததைச் சொல்வது புறங்கூறல் ஆகாது. கொடியவரைத் தண்டிப்பதைக் களையெடுப்புக்கு ஒப்பிட்டவரும் அதே வள்ளுவர்தான். பெரியபுராணத்தில் கன்றை இழந்த பசு மனுநீதிச் சோழனின் மணியை அடித்தது. திருவாரூரில் யாரும் அதைக் கோள்மூட்டி என்று ஏசவில்லை! கண்ணகி பாண்டியன் அவையேறி வழக்குரைத்தாள். பாரதியும் சிறு குழந்தைக்கு எழுதிய பாட்டிலேயே, கொடுமைக்கு அஞ்சாதே என்றுதான் கற்பித்தார்.

மணி இருந்தால் போதாது, கேட்க அரசனும் வேண்டும். 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகே, 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த குழுவின் அறிக்கையை, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு 2024 ஜூனில் கொடுத்தார். பெரிய பள்ளிகளுக்கு நல அலுவலர் வேண்டும் என்றார். அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்ற புகார்ப் பெட்டி வைத்திருக்கிறார்கள். பெட்டியைத் திறந்து படிக்கும் கை வேண்டாமா?

பெற்றோரே, பிள்ளை பள்ளிக்குப் போக மறுத்தால் அடிக்காதீர்கள், காரணம் கேளுங்கள். கேட்டதை எழுத்தில் பள்ளிக்குக் கொடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, கல்வி வழிகாட்டி எண் 14417 இரண்டையும் இன்றே பிள்ளையின் டைரியில் எழுதி வையுங்கள்.