பெயரைக் காப்பவனும் பெயருக்கு உரியவனும்

பிறர் பொருளைக் காக்கப் பொறுப்பேற்றவன் அப்பொருளை விற்கலாமா? கூடாதென்று சிறு பிள்ளையும் விடையிறுக்கும். ஆனால் அப்பொருள் நிலமோ நகையோ அன்றி ஒரு நாட்டின் பெயரே ஆயின், விடை அத்துணை விரைவில் வருவதில்லை.

இணையத்தில் ஒவ்வோர் இடத்திற்கும் ஒரு விலாசம் உண்டென்பதை நேயர்கள் அறிவர். பல விலாசங்களின் இறுதியில் நாட்டைக் குறிக்கும் இரண்டு ஆங்கில எழுத்துக்கள் நிற்கும். மலேசியாவுக்கு எம்.ஒய்.; சிங்கப்பூருக்கு எஸ்.ஜி. அவ்வெழுத்தின் கீழ் எந்தப் பெயர் எவருக்குரியது என்னும் ஏட்டை வைத்திருப்பது அந்நாட்டுப் பதிவகம். பெயர் வேண்டுவோர் அதற்கு ஆண்டுக் கட்டணம் செலுத்துவர். தொடக்க காலத்தில் இவ்வேற்பாட்டை நடத்திவந்த அமெரிக்க அறிஞர் ஜான் போஸ்டல், 1994இல் வெளியிட்ட விதிக்குறிப்பில், பதிவகத்தார் உடைமை பற்றிப் பேசுதல் பொருந்தாது, கடமையும் தொண்டும் பற்றியே பேசுதல் தகும் என்றார். அதாவது அவர்கள் தருமகர்த்தாக்கள், மிராசுதாரர்கள் அல்லர். எது நாடு, எது நாடன்று எனத் தீர்ப்பதும் தம் வேலையன்றெனக் கூறி, சர்வதேசப் பட்டியலில் கண்ட எழுத்துக்களையே அவர் ஏற்றுக்கொண்டார். அவ்வடக்கம் போற்றத்தக்கதே. ஆயினும் அதன் வழியாகவே ஒரு சிக்கலும் புகுந்தது. பட்டியலில் நாடு இருக்கும். நாட்டில் மக்கள் இரார்!

இந்து மகாசமுத்திரத்திலுள்ள சாகோஸ் தீவுகளைப் பாருங்கள். 1965இல் பிரிட்டிஷ் சர்க்கார் அவற்றை மொரீஷியஸிலிருந்து பிரித்துத் தனிப் பிரதேசமாக்கிற்று. பின்னர், டியேகோ கார்சியாவில் அமெரிக்கப் படைத்தளம் அமையும் பொருட்டு, 1968 முதல் 1973க்குள் தீவுகளில் வாழ்ந்தோர் அனைவரும் அகற்றப்பட்டனர். யார் அவர்கள்? ஆப்பிரிக்க அடிமைகளின் வழியிலும் இந்தியக் கூலிகளின் வழியிலும் வந்தவர்கள்; தென்னந்தோட்டத்தில் தேங்காய் உடைத்துக் கொப்பரை காயவைத்தவர்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே பிறந்து அங்கே மாண்டவர்களை, 'நிலையான குடிகளல்லர், ஒப்பந்தத் தொழிலாளரே' என்று லண்டன் எழுதிவைத்தது. தோட்டத்து வாசகர்கட்கு இதன் பொருளை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மக்கள் போயினர், எழுத்து மட்டும் நின்றது. அப்பிரதேசத்திற்குரிய ஐ.ஓ. என்னும் எழுத்துக்கள் 1997இல் பிரிட்டனிலிருந்த ஒரு தனியார் கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டன. கணினித் தொழிலில் உட்செல்வதையும் வெளிவருவதையும் குறிப்பவை அவ்வெழுத்துக்களே யாதலின், புதுக் கம்பெனிகள் அவற்றை விரும்பி வாங்கின. இவ்வருவாயில் தனக்கு ஏதும் வருவதில்லையென 2014இல் பிரிட்டிஷ் சர்க்கார் கூறிற்று. 2017இல் அப்பதிவகக் கம்பெனியையே மற்றொரு கம்பெனி ஏறக்குறைய 7 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கிக்கொண்டது. அதன் கையில் வேறு சில தீவுகளின் எழுத்துக்களும் இருந்தன என்பது மெய்யே. எனினும், தருமகர்த்தா பதவி சந்தையில் விலைபோயிற்று என்பதைத் தவிர இதற்கு வேறு பெயர் நமக்குத் தெரியவில்லை.

உழைத்தவனுக்குக் கூலி வேண்டாமா என்பர். வேண்டும். இரவும் பகலும் யந்திரங்களைப் பழுதின்றி ஓட்டுவோர் ஊதியம் பெறுதல் நியாயமே. அவர்கள் முயற்சியின்றி அவ்வெழுத்துக்கள் காசு பெற்றிரா என்பதிலும் ஓரளவு உண்மையுண்டு. ஆனால் நன்றாய்ப் பயிரிட்டான் என்பதற்காகக் கோயில் நிலம் குத்தகைக்காரனுக்குச் சொந்தமாகிவிடாது. (கோயில் நிலங்களின் கதை நடைமுறையில் எவ்வாறு முடிகிறதென்பதை நாம் அறியாதாரல்லேம்.)

மக்கள் தம் மண்ணில் நிலைத்திருப்பின் நிலைமை வேறு. பசிபிக் சமுத்திரத்துத் துவாலுவில் இருப்போர் சுமார் 11,000 பேரே. அந்நாட்டின் எழுத்து டி.வி. என்பதாதலின், 2000இல் அதன் அரசு, 12 ஆண்டுகளில் 5 கோடி டாலர் பெறும் உடன்படிக்கையில் அதனை நடத்தும் உரிமையைக் கொடுத்தது. அப்பணத்தின் துணையால் அவ்வாண்டே ஐக்கிய நாடுகள் சபையிலும் சேர்ந்தது. பேரம் நன்றா தீதா எனத் துவாலு மக்கள் தம் அரசைக் கேட்கலாம். சாகோஸ் மக்கள் யாரைக் கேட்பது? அங்கே குடிகளே இல்லையே, பங்கை யாரிடம் கொடுப்பது என்று சட்டம் பேசுவோர் வினவுகின்றனர். குடிகளை இல்லாமற் செய்தவர் யாரென்று நாம் வினவுகின்றோம்.

தீவுகளை மொரீஷியஸிடம் ஒப்படைக்க இசைந்ததாக 2024 அக்டோபரில் பிரிட்டன் அறிவித்தபோது கணினி உலகில் ஒரு கலக்கம் எழுந்தது. தீவாரைப் பற்றியன்று. யூகோஸ்லாவியாவின் எழுத்து 2010இல் நீக்கப்பட்டதுபோல ஐ.ஓ.வும் நீக்கப்படுமோ, தம் விலாசங்கள் யாதாகுமோ என்பதே அக்கலக்கம். அரை நூற்றாண்டுக்கு முன்னரே விலாசம் இழந்தவர்களும் அவர்தம் மக்களும் மொரீஷியஸிலும் செஷல்ஸிலும் இங்கிலாந்தின் கிராலி நகரிலும் வாழ்கின்றனர். அவர்களுள் ஒரு சங்கத்தார் 2021இல் அயர்லாந்து அரசிடம் மனுச்செய்து, தம் தீவுகளின் எழுத்தால் வரும் பொருளில் தமக்கும் பங்கு கேட்டனர்.