கொடையோடு வருவது

1954 டிசம்பரில் பொஸ்டன் நகரில் ஒருவர் தன் இரட்டைச் சகோதரனுக்குத் தனது சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தார். சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை முதன்முதலாக முழுமையான வெற்றி கண்டது அன்றுதான். அது முதல் உறுப்புக் கொடையை ஈகையின் உச்சம் என்றே நாம் பேசி வருகிறோம். அது உண்மையும்கூட. ஆனால் உறுப்பு எப்போதும் தனியே வருவதில்லை. கொடுப்பவரின் உடலில் உறங்கிக் கிடக்கும் வைரசும் கூடவே வரலாம்.

வளர்ந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் எப்ஸ்டீன்-பார் வைரசு உண்டு. பெரும்பாலும் அது எவரையும் வருத்துவதில்லை. அதனை முன்பு அறிந்திராத ஒரு குழந்தையின் உடலில் புதிய உறுப்போடு அது நுழையும்போது கதை வேறு. உறுப்பை உடல் நிராகரிக்காதிருக்கத் தரப்படும் மருந்துகள் எதிர்ப்புச் சக்தியை அடக்கிவிடுகின்றன. அந்தக் காவலற்ற வேளையில் நிணநீர்ப் புற்று தோன்றலாம். 2003இல் இத்தாலிய ஆய்வாளர்கள் மேலும் வியப்பான ஒன்றைக் கண்டனர். மாற்றுச் சிறுநீரகம் பெற்றபின் கபோசிப் புற்றுக்கு ஆளான 8 பேரை ஆராய்ந்தபோது, 5 பேரிடம் கொடையாளியின் அடையாளங்களைத் தாங்கிய புற்றுக்கலங்கள் இருந்தன.

அப்படியானால் கொடுத்தவர் குற்றவாளியா? இல்லை. தன்னுள் இருப்பதை அறியாதவர் மீது பழி சுமத்த முடியாது. இத்தகைய கொடையாளரை விலக்குவதும் தீர்வாகாது. பத்தில் ஒன்பது பேரை விலக்கினால் காத்திருக்கும் குழந்தைக்கு யார் மிஞ்சுவார்?

கேள்வி அறிந்தவரைப் பற்றியது. "சொன்னால் பயந்துவிடுவார்கள்" என்று வைத்தியர் மௌனம் காக்கலாமா? அந்தப் பயம் யாருடைய உடலைப் பற்றியதோ அவருக்கே அது உரியது. தவிரவும், அறிந்த தாய் காய்ச்சலையும் கழுத்துக் கட்டியையும் அலட்சியம் செய்யமாட்டாள். நேரத்தோடு கண்டுகொண்டால், மருந்தின் அளவைக் குறைப்பதாலேயே சிலரில் கட்டி சுருங்கிவிடுகிறது. ஆகவே உண்மையும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

தம்பிக்குச் சிறுநீரகம் கொடுத்த சகோதரியை எண்ணிப் பாருங்கள். தன் உடலிலிருந்தே அவனுக்கு நோய் வந்ததென்று பின்னொரு நாள் அறிந்தால் அவள் உடைந்துபோவாள். அதை அவளிடமிருந்து மறைக்கவே நம் மனம் சொல்லும். ஆனால் இருவருக்கும் முன்பே சொல்லியிருந்தால் மறைக்க வேண்டியது என்ன இருக்கும்? ஆபத்தை அறிந்து அவள் கொடுத்தாள். அறிந்தே அவன் பெற்றான். நோய் வந்தாலும் அது இருவரும் சேர்ந்து ஏற்றுக்கொண்ட சுமை. அந்தக் கொடையில் ஒரு துளியும் குறைந்துவிடாது.