தோற்றவனுக்கும் ஓர் அடுத்த கிழமை

என்னிடம் படித்த ஒருவன் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தான். அவன் வீட்டுக்குப் போனபோது கணனித் திரையை உற்றுப் பார்த்தபடி இருந்தான். எட்டிப் பார்த்தேன். வரிவரியாக எழுத்துத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன தம்பி இது?"

"புட்போல் சேர். என்ட கழகம் விளையாடுது."

பதினான்கு வருடங்களாக அக்கழகத்தை நடத்துகிறானாம். உழைப்பும் குடும்பமும் உள்ளவன், சதம் பெறாத ஒன்றில் ஏன் இப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறான் என்ற கேள்வியோடுதான் வீடு திரும்பினேன்.

அந்த விளையாட்டின் பெயர் ஹட்ரிக். 1997இல் சுவீடனில் தொடங்கியது. இதில் ஆடுபவர் பந்தை உதைப்பதில்லை, அவர் முகாமையாளர். யாரை இறக்குவது, எதைப் பயிற்றுவது, யாரை வாங்குவது, விற்பது என்று தீர்மானிப்பதோடு அவர் வேலை முடிகிறது. ஒரு தொடரில் எட்டு அணிகள், 14 சுற்றுகள். ஒரு பருவத்துக்கு 16 கிழமைகள். நிஜப் போட்டியைப் போலவே ஒவ்வொன்றும் தொண்ணூறு நிமிடம் ஓடும். வீரனுக்கு 112 நாட்களில் ஒரு வயது கூடுகிறது. பதினேழு வயதில் வந்தவன் முப்பதை எட்ட, நமது கணக்கில் ஏறக்குறைய நான்கு வருடங்கள்.

இதை வெறும் போதை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் போதை காத்திருக்கச் சொல்வதில்லை. இவ்விளையாட்டோ கிழமைக்குச் சில நிமிட வேலையைத் தந்துவிட்டுக் காத்திருக்கச் சொல்கிறது. வெற்றி ஆசை என்றும் சொல்ல முடியாது. எட்டு அணிகளில் ஒன்றுதான் முதலிடம் பெறும். மற்ற ஏழு பேரும் மறு பருவத்துக்கும் வருகிறார்களே!

அவனிடமே கேட்டேன்.

"தோத்தா என்ன சேர்? வாற கிழமையும் மெச் இருக்குத்தானே. தோத்ததுக்காக ஆரும் வெளியே போடமாட்டாங்க."

உண்மைதான். தோற்றவர் கீழ்த் தொடருக்கு இறங்கலாம். அங்கேயும் அவருக்கு ஓர் இடம் உண்டு. பல கிழமைகள் எட்டிப் பார்க்காமல் விட்டாலோ, கடனில் மூழ்கடித்தாலோதான் கழகம் பறிபோகும். அதாவது, அங்கே தோல்வி குற்றமல்ல, கைவிடுதலே குற்றம்.

இந்த இடத்தில் என் நெஞ்சு குறுகுறுத்தது. சாதாரண தரப் பரீட்சையில் அவன் இரண்டாம் முறையும் தவறியபோது, "உனக்கு இனிப் படிப்புச் சரிவராது" என்று சொன்னவன் நான்தான். கணக்குப் பார்த்தால், அவன் கழகம் தொடங்கியதும் அந்த வருடத்தில்தான். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆயினும் இவ்விளையாட்டை அறத்தின் பாடசாலை என்று புகழவும் என்னால் முடியவில்லை. திரையிலுள்ள பையனை நான்கு வருடம் வளர்த்து ஏலத்தில் விற்றால், அவன் திரும்பிப் பார்த்து அழமாட்டான். தவறாகப் பயிற்றினாலும் மனம் நோகமாட்டான். மன்னிப்புக் கேட்க வேண்டிய தேவையே எழாத இடத்தில் அன்பு காட்டுவது இலகு. உயிருள்ள பிள்ளையோ கோபிக்கிறது, பொய் சொல்கிறது, நாம் சொன்ன ஒரு சொல்லைப் பதினான்கு வருடம் சுமக்கிறது. பொறுமைக்குச் சோதனை அங்கேதான்.

எனவே, இல்லாத வீரர்கள் மீது இவர்களுக்கு ஏன் இத்தனை பற்று என்று கேட்பதோடு நிறுத்திவிட்டால் நமக்கு வசதிதான். மெல்ல வளரவும், தோற்கவும், மறுபடி வரவும் இடமுள்ள ஓர் உலகைத் தேடி மனிதர் போகிறார்கள் என்றால், அப்படியோர் இடத்தை நமது வகுப்பறைகளில் ஏன் வைத்திருக்கவில்லை என்றும் கேட்க வேண்டும்.

விடைபெறும்போது, அன்று நான் சொன்னது பிழை என்று அவனிடம் சொன்னேன்.

"அத நான் எப்பவோ மறந்திட்டன் சேர்" என்றான்.

அவன் மறக்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.