ஒத்துழைப்பா, ஊழியமா?

ஒரு பெருநகரமும் அதை ஒட்டிய நகராட்சியும் தொட்டுக்கொள்கிற இடத்தில் எங்கள் சேரி. நடுவில் ஒரு கால்வாய். மழைக்காலத்தில் அடைத்துக்கொண்டு சாக்கடை வீட்டுக்குள் வரும். எங்க ஆயா மனு எழுதி வாங்கிக்கொண்டு பெருநகர ஆபீசுக்குப் போனால், "இது எங்க எல்லை இல்லமா, அந்தாண்ட போ" என்பார்கள். நகராட்சிக்குப் போனால், "தண்ணி அங்கேர்ந்துதானே வருது, அவங்களாண்ட கேளு." கடைசியில் அடைப்பெடுக்க உள்ளே இறங்கியது எங்க மாமா. எந்த ஆபீஸ் ஆள் தேடினாலும் இறங்குகிறவர் எங்கள் தெருக்காரராகத்தான் இருப்பார். "ரெண்டு ஆபீசும் சண்டை போட்டுக்குதுன்றாங்க. எனக்கென்னமோ இந்த ஒரு விஷயத்துல ரெண்டும் ஒத்துமையாத்தான் இருக்குது" என்று ஆயா ஒருநாள் சொன்னது.

பெருநகர நிர்வாகம் பற்றிப் பேசுகிற படித்தவர்கள் 'ஒத்துழைப்பு' என்கிற சொல்லைக் கேள்வியே இல்லாமல் பயன்படுத்துகிறார்கள். நகரமும் சுற்றியுள்ள நகராட்சிகளும் ஊராட்சிகளும் சேர்ந்து திட்டமிட வேண்டுமாம். வேண்டும்தான். தண்ணீருக்கு வார்டு எல்லை தெரியாது. 2015 டிசம்பரில் முடிச்சூரை மூழ்கடித்த அதே அடையாறுதான் சைதாப்பேட்டைக்குள்ளும் புகுந்தது. நம் கேள்வி வேறு. ஒத்துழைப்பு என்று எதைச் சொல்கிறோம்?

கிராமத்தைப் பாருங்கள். ஊருக்கும் சேரிக்கும் இடையே நூற்றாண்டுகளாக ஒரு 'ஒத்துழைப்பு' பிசகாமல் நடந்தது. செத்த மாட்டைச் சேரி தூக்கும், சாவுக்குப் பறையடிக்கும், பிணம் சுடும். ஊர் பதிலுக்குக் களத்துமேட்டில் நெல் அளக்கும். கொடுக்கல் வாங்கல் இருந்தது, வேலைப் பங்கீடு இருந்தது. மாட்டேன் என்று சொல்ல மட்டும் வழியில்லை. சொன்னால் குடிசை எரியும். அதனால்தான் அதற்கு ஒத்துழைப்பு என்று பெயர் வரவில்லை. ஊழியம் என்று பெயர். மறுக்க முடிகிறவன் சேர்ந்து செய்வது ஒத்துழைப்பு. மறுக்க முடியாதவன் செய்வது ஊழியம். இரண்டுக்கும் வித்தியாசம் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

இந்த அளவுகோலைச் சென்னையின் மீது வைத்துப் பார்ப்போம். 2011 வரை பெருங்குடி சென்னை மாநகராட்சிக்குள் இல்லை. அது தனிப் பேரூராட்சி. ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே நகரத்தின் குப்பை அங்கே பள்ளிக்கரணைச் சதுப்பில் கொட்டப்பட்டது. வரி வாங்கும் எல்லை ஓரிடத்தில் முடிகிறது, குப்பை கொட்டும் எல்லை அதைத் தாண்டிப் போகிறது. மனிதர்களையும் அப்படித்தான் அனுப்பினார்கள். கூவக்கரையிலும் அடையாற்றங்கரையிலும் இருந்த நம் சனங்களை 2000 முதல் கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் இறக்கினார்கள். குடியேற்றம் தொடங்கியபோது மூன்றுமே ஊராட்சிப் பகுதிகள். பாத்திரம் தேய்க்கிற வீடு மயிலாப்பூரில், தேய்க்கிறவள் படுக்கிற இடம் இருபது கிலோமீட்டர் தள்ளி. உழைப்பு நகரத்துக்கு வேண்டும், உழைக்கிறவர் பக்கத்தில் வேண்டாம். ஊருக்கு வெளியே சேரி வைத்தது போல நகரத்துக்கு வெளியே ஒரு சேரி. எங்களை அனுப்பலாமா என்று எங்களைக் கேட்டது யார்?

சட்டத்தில் இடம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள பெருநகரப் பகுதிக்கு ஒரு திட்டக் குழு வேண்டும் என்கிறது. அதன் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்கள் நகராட்சி உறுப்பினர்களாலும் ஊராட்சித் தலைவர்களாலும் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். தண்ணீரை எப்படிப் பகிர்வது என்பதும் அதன் வேலை. நல்ல ஏற்பாடு. ஆனால் நகர்மன்றத்திலும் ஊராட்சியிலும் தலித்துகளுக்கு இடஒதுக்கீடு வைத்த அதே அரசியல் சட்டம், இந்தக் குழுவில் நமக்கென்று ஒரு நாற்காலியைக் கட்டாயமாக்கவில்லை. குப்பைமேடு எங்கே என்று முடிவு செய்கிற மேசையில், குப்பைமேட்டின் பக்கத்தில் குடியிருப்பவர் உட்கார உத்தரவாதம் இல்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் ஒரே மாநகராட்சியாக்கிவிடலாமே என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். 2011இல் 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என 42 உள்ளாட்சிகளைச் சேர்த்துச் சென்னை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. எல்லை நகர்ந்தது, குப்பைமேடு நகரவில்லை. ஊராட்சி கலைந்தபோது ஊரக வேலைத் திட்டத்தின் கூலியும் போனது, சுழற்சியில் நமக்கு வரக்கூடிய தலைவர் நாற்காலியும் போனது.

அதற்காக ஊராட்சியைத் தலையில் வைத்துக் கொண்டாடவும் முடியாது. மேலவளவில் ஊராட்சித் தலைவரான முருகேசனை 1997இல் வெட்டிக் கொன்றது உள்ளூர்தான், டெல்லி அல்ல. மகாடு நகராட்சி 1924இல் தன் சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறப்பதாகத் தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானம் காகிதத்திலேயே கிடந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் நம் சனங்கள் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். அதே ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தையே ரத்து செய்தது. பெரிய அதிகாரமா சின்ன அதிகாரமா என்பதில் விடுதலை இல்லை. எந்த அதிகாரத்தின் முன்னாலும் நம்மால் மறுக்க முடிகிறதா என்பதில்தான் இருக்கிறது.

எங்க மாமா மகன் ஒரு மழைக்காலத்தில் கால்வாய்க்குள் இறங்க மாட்டேன் என்றான். "சட்டமே கூடாதுங்குது, நீ இறங்கு சார்" என்று கரையிலேயே உட்கார்ந்துவிட்டான். தெருவே அவனோடு உட்கார்ந்தது. மூன்றாம் நாள் இரண்டு ஆபீஸ் அதிகாரிகளும் ஒரே கரையில் நின்று பேசிக்கொண்டார்கள். அதை எங்கள் தெரு அதற்குமுன் பார்த்ததில்லை. மறுநாள் மெஷின் வந்தது. மாமா மகனுக்கு அதன்பிறகு எந்தக் காண்ட்ராக்டரும் வேலை தரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மறுப்பின் விலையை ஒருத்தனே சுமக்கிற வரை அது உரிமையாகாது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதியை 5,904 ஆக விரிக்க 2022இல் ஆணை வந்துவிட்டது. இன்னும் எத்தனையோ ஏரிகள், எத்தனையோ சேரிகள் அந்தக் கோட்டுக்குள் வரும். ஒத்துழைப்பு பற்றிய எந்தக் கூட்டத்திலும் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நாங்க மாட்டோம்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?